பவர் பட்டனை அழுத்தினால் டெஸ்க்டாப்பில் எந்த அசைவும் இல்லை. மதர்போர்டு போய்விட்டதா?

கேள்வி இதுதான்: இடி மின்னலோடு மழை பெய்த இரவில் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. மறுநாள் காலையில் பட்டனை அழுத்தினால் விளக்கும் எரியவில்லை, ஃபேனும் சுற்றவில்லை. பார்க்க வந்தவர் கேபினெட்டைத் திறக்காமலேயே "மதர்போர்டு அவுட், ஏழாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் வீட்டிலேயே எதையாவது பார்க்க முடியுமா?

முடியும். மதர்போர்டு போயிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் திறந்து பார்க்காமல் யாராலும் அதைச் சொல்ல முடியாது. சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டிலிருந்து கரண்ட் பல இடங்களைத் தாண்டித்தான் மதர்போர்டுக்கு வருகிறது. நடுவில் எங்கே நின்றாலும் வெளியே தெரிவது ஒன்றுதான், பெட்டி செத்துக் கிடக்கும். அதனால் சுவரிலிருந்து ஆரம்பித்து கரண்ட் எதுவரைக்கும் வருகிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். மதர்போர்டின் முறை கடைசியில்தான் வரும்.

அதற்கு முன்னால் ஒன்று. "ஆன் ஆகவில்லை" என்று எல்லோரும் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பாக இருக்கிறது என்றால் அது ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, மானிட்டர் கேபிள் சம்பந்தப்பட்ட வேறு கதை. உங்களுடையது எதுவுமே அசையாத வகை. யாராவது ரேமைக் கழற்றி ரப்பரால் துடைக்கச் சொன்னால் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். ரேம் கெட்டிருந்தாலும், ஏன் ரேமே இல்லாவிட்டாலும், பட்டனை அழுத்தியதும் ஒரு நொடியாவது ஃபேன் சுற்ற வேண்டும்.

சரி, சுவர். யு.பி.எஸ்., ஸ்பைக் பாக்ஸ் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு, மொபைல் சார்ஜர் போட்டுப் பார்த்து வேலை செய்வது உறுதியான ஒரு பாயிண்டில் கம்ப்யூட்டரை நேராகச் செருகுங்கள். வீட்டு யு.பி.எஸ்.களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரி இருக்கும். சில வருஷங்களில் அது சோர்ந்துவிடும். பேட்டரி செத்த யு.பி.எஸ்.களில் சில, மெயின் கரண்ட் இருந்தாலும் ஆன் ஆகாமல் அடம் பிடிக்கும். பவர் கார்டையும் மாற்றிப் பாருங்கள். அடாப்டர் இல்லாத மானிட்டராக இருந்தால் அநேகமாக அதன் கார்டும் இதேதான், கழற்றி இங்கே போட்டுவிடலாம். கேபினெட்டின் பின்பக்கம், சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். டப்பாவில் ஒரு கறுப்பு ஸ்விட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். பெருக்கும்போது துடைப்பம் பட்டுக்கூட அது அணைந்திருக்கும். பழைய எஸ்.எம்.பி.எஸ்.களில் 115, 230 என்று எழுதிய சின்ன சிவப்பு ஸ்விட்ச் ஒன்றும் உண்டு. அது 230இல்தான் இருக்க வேண்டும். நம் ஊர் கரண்டில் அதை 115க்குத் தள்ளினால் பட்டாசுச் சத்தம் கேட்கும், அதோடு எஸ்.எம்.பி.எஸ். முடிந்தது.

அடுத்தது, உங்கள் விஷயத்தில் நான் அதிகம் நம்புவது. பவர் கார்டைப் பிடுங்கிவிடுங்கள். பின்னால் செருகியிருக்கும் மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். முன்பக்கப் பவர் பட்டனை பதினைந்து இருபது நொடி அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் ஒரு பத்து நிமிஷம் அப்படியே விட்டுவிட்டு, பவர் கார்டை மட்டும் செருகி ஆன் செய்து பாருங்கள். இது ஏதோ மந்திரம் போலத் தெரியும், ஆனால் காரணம் இருக்கிறது. மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பல சமயம் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அந்தப் பூட்டு திறக்காது. உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்த பிறகுதான் அது பழைய நிலைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகையில் தெரிந்தவர்கள் வீட்டிலிருந்து இந்தப் புகாரோடு போன் வந்தால் நான் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். பல சமயம் நான் நேரில் போக வேண்டிய தேவையே இருக்காது.

அதிலும் வரவில்லையென்றால் கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். கழற்றும்போது பிளக் பிடுங்கியே இருக்கட்டும். கை வைப்பதற்கு முன்னால் நன்றாக முகர்ந்து பாருங்கள். எரிந்த வாடை அடிக்கிறதா, எங்கிருந்து அடிக்கிறது என்பதே பாதி விடை சொல்லிவிடும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கதகதப்பைத் தேடிப் பல்லி உள்ளே போவதும், குறுக்கே மாட்டி அதுவும் செத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சாவதும் நம் பக்கம் அபூர்வமல்ல.

இப்போது பிளக்கைச் செருகி, உள்ளே மதர்போர்டில் ஏதாவது சின்ன விளக்கு எரிகிறதா பாருங்கள். நிறைய போர்டுகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. எரிந்தால் கரண்ட் போர்டுவரைக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் சந்தேகம் முதலில் போக வேண்டிய இடம் பவர் பட்டன்.

இங்கே கொஞ்சம் பின்கதை தேவை. பழைய ஏ.டி. வகைக் கம்ப்யூட்டர்களில் பவர் பட்டன் என்பது நம் வீட்டு லைட் ஸ்விட்ச் மாதிரி 230 வோல்ட்டை நேரடியாகத் திறந்து மூடியது. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறையில் அது மாறியது. பட்டன் இப்போது மதர்போர்டைத் தட்டி எழுப்ப மட்டும்தான். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் எஸ்.எம்.பி.எஸ். ஊதா நிற ஒயர் வழியாக 5 வோல்ட்டை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை நிற ஒயரை கிரவுண்டோடு, அதாவது கறுப்பு ஒயரோடு, இணைக்கிறது. அதன் பிறகுதான் எஸ்.எம்.பி.எஸ். முழுதாக ஓட ஆரம்பிக்கிறது. இந்த ஊதா, பச்சை இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பட்டனிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர்கள் மதர்போர்டின் ஓரத்தில் சின்னச் சின்னப் பின்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில் செருகியிருக்கும். அந்த இணைப்பியை உருவிவிட்டு, அது இருந்த இரண்டு பின்களையும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். குறைந்த வோல்ட்தான், ஷாக் அடிக்காது. சரியான பின்களைத்தான் தொடுகிறோமா என்று மதர்போர்டில் அச்சிட்டிருப்பதை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டர் எழுந்துவிட்டால் குற்றவாளி பட்டன். என் நண்பர் ஒருவரின் ஜெராக்ஸ் கடையில் இப்படித்தான் ஆனது. ரீசெட் பட்டனின் ஒயரை எடுத்துப் பவர் பின்களில் செருகிவிட்டோம். இன்றுவரை ரீசெட்டை அழுத்தித்தான் கடையைத் திறக்கிறார், பைசா செலவில்லை.

பட்டனும் சரிதான் என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதிலிருந்து போகும் எல்லா இணைப்புகளையும் கழற்றுங்கள். 24 பின் உள்ள பெரிய இணைப்பியில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். பக்கத்தில் இரண்டு புறமும் கறுப்பு. பேப்பர் கிளிப்பை வளைத்துப் பச்சையையும் ஒரு கறுப்பையும் இணைத்துவிட்டு, அதற்குப் பிறகு பிளக்கைச் செருகி, பின்பக்க ஸ்விட்சைப் போடுங்கள். கரண்ட் ஓடும்போது கிளிப்பைத் தொட வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் சுற்றினால் அதற்கு உயிர் இருக்கிறது. புது மாடல்களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கும். அங்கே இணைப்பியின் பூட்டுக் கொக்கி இருக்கும் பக்கத்து வரிசையில் நாலாவதுதான் பச்சைக்குரிய இடம், ஆனால் எந்த முனையிலிருந்து எண்ணுவது என்பதில் தடுமாற்றம் வரும், படத்தைப் பார்த்துச் செய்யுங்கள். சில உயர்ரக எஸ்.எம்.பி.எஸ்.களில் சூடேறினால்தான் ஃபேன் சுற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உயிர் இருப்பது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு. சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரில் பிடித்துக்கொண்டு அளந்து பாருங்கள். மஞ்சளில் 11.4க்கும் 12.6க்கும் நடுவில், சிவப்பில் 4.75க்கும் 5.25க்கும் நடுவில், ஆரஞ்சில் சுமார் 3.3 இருக்க வேண்டும். ஊதாவில் கிளிப் போடாமலேயே 5 வோல்ட் வர வேண்டும். இந்த ஊதாதான் முக்கியம். ராத்திரி பகல் பாராமல் ஓடுவது எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அந்தப் பகுதி மட்டும்தான், அதனால் அது சீக்கிரம் தேய்ந்து போவதும் உண்டு. ஊதாவில் ஒன்றும் வரவில்லையென்றால் நீங்கள் பட்டனை அழுத்துவது மதர்போர்டுக்குத் தெரியவே தெரியாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினால் போதும், மதர்போர்டைப் பழி சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை டி.சி. தேங்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். பல்லியை எடுக்கிறேன் என்று போய் அந்த நிலைக்கு ஆளாக வேண்டாம்.

எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது, போர்டில் மாட்டினால் மட்டும் எழவில்லை என்றால், எங்கோ ஷார்ட் ஆகியிருக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், முன்பக்க யு.எஸ்.பி. ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 24 பின்னையும் பிராசஸருக்குப் போகும் 4 அல்லது 8 பின்னையும் மட்டும் மாட்டிப் பாருங்கள். முன்பக்க யு.எஸ்.பி. துளையில் ஒரு பின் வளைந்திருந்தால்கூட மொத்தக் கம்ப்யூட்டரையும் எழவிடாமல் செய்யும். எழுந்துவிட்டால் ஒவ்வொன்றாக மாட்டுங்கள், எதை மாட்டும்போது படுக்கிறதோ அதுதான். அதே கையோடு மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியையும், சி.ஆர். 2032 என்று கேட்டு, புதிதாகப் போட்டுவிடுங்கள். அது தீர்ந்தால் பொதுவாகத் தேதியும் நேரமும்தான் தவறும், ஆனால் சில போர்டுகள் அதற்கும் முரண்டு பிடிக்கும்.

இதெல்லாம் தாண்டி, வேறு கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டியும் வெற்று போர்டு அசையவில்லை என்றால், அப்போது அந்த மெக்கானிக் சொன்னது சரி. அதற்குச் சாதகமான ஒரு தடயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே இரவில் உங்கள் இன்டர்நெட் மோடமும் செத்ததா? மின்னல் கரண்ட் வழியாகத்தான் வரும் என்பதில்லை. தெருவிலிருந்து வரும் கேபிள், மோடம், லேன் ஒயர் என்று யு.பி.எஸ்.ஸைச் சுற்றிக்கொண்டு நேராக மதர்போர்டுக்கே வந்துவிடும். மோடமும் போயிருந்தால் என் சந்தேகமும் மதர்போர்டு பக்கம் சாயும்.

அப்படியே ஆனாலும் ஏழாயிரத்தில் முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய மாடல் என்றால் புது மதர்போர்டில் உங்கள் பிராசஸரும் உட்காராது, ரேமும் பொருந்தாது. டி.டி.ஆர். 3 ரேம் டி.டி.ஆர். 4 போர்டில் ஏறவே ஏறாது. சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் சிப் லெவல் வேலை, அதாவது போர்டில் பழுதான சின்னப் பாகத்தை மட்டும் மாற்றும் வேலை, பார்க்கும் கடைகளில் முதலில் காட்டலாம். பைல்களை நினைத்துப் பயப்பட வேண்டாம். மதர்போர்டு போனால் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் அப்படியேதான் இருக்கும். வேலைக்குக் கொடுப்பதற்கு முன்னால் அதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், போர்டைச் சோதிக்க அது தேவையில்லை.

இன்னொன்று. கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொடும்போது எப்போதாவது லேசாகச் சுருக்கென்று அடித்திருக்கிறதா? அப்படியானால் உங்கள் பாயிண்டில் எர்த் சரியாக இல்லை என்று சந்தேகிக்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கேபினெட்டோடு இணைந்திருப்பதால், எர்த் இல்லாதபோது மெயின் வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அதில் நிற்கும், டெஸ்டர் வைத்தால் எரியும். எர்த் இல்லாத இடத்தில் ஸ்பைக் பாக்ஸ் போட்டும் முழுப் பயன் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரி செய்துவிட்டுப் புது எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள்.

மோடம் போயிருக்கிறதா, பேப்பர் கிளிப் சோதனையில் ஃபேன் சுற்றியதா, ஊதா ஒயரில் எத்தனை வோல்ட் காட்டியது, இந்த மூன்றையும் போர்டு மாடலோடு எழுதுங்கள். அதற்கு மேல் என்ன செய்வதென்று சொல்கிறேன்.