மூன்று மெத்தைக்கு ஆறு மீட்டர் துணி எதற்கு?

கேள்வி: எங்கள் திண்ணையில் மூன்று தேக்கு நாற்காலிகள். இரண்டில் 20 அங்குலச் சதுரம், 4 அங்குல கனத்தில் ஃபோம் மெத்தை. மூன்றாவது மாமனார் காலத்து இலவம் பஞ்சு மெத்தை. மாதிரித் துணிப் புத்தகத்தோடு வீடு தேடி வந்த ஒருவர் உறைகளுக்கு ஆறு மீட்டர் பருத்தித் துணி வேண்டும், கூலி தனி என்கிறார். அரசு கொடுத்த இலவசத் தையல் இயந்திரம் இருக்கிறது, ரவிக்கை தைப்பேன். முன்பு நான் தைத்த உறை முதல் சலவையிலேயே சுருங்கி, ஜிப்பை மூடவே முடியவில்லை. மறுபடி துணியலாமா? – வாசகி, மன்னார்குடி

பதில்: தாராளமாகத் தையுங்கள். ரவிக்கையின் கைவளைவைத் தைத்த கைக்கு இந்தச் சதுரம் பெரிய வேலையில்லை. 48 அங்குலப் பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில், மூன்று மீட்டர் வாங்கினால் மூன்றுக்கும் போதும், மிச்சமும் இருக்கும். ஆறு மீட்டர் என்றவர் மீதி மூன்று மீட்டரை உங்கள் மெத்தையில் போடப் போவதில்லை. புத்தகத்தைப் பார்த்து ஆசைப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கடைக்குப் போனால் "மீட்டரில் அளந்து கொடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மீட்டர் 39.37 அங்குலம், கெஜம் 36. மூன்று மீட்டருக்குப் பணம் வாங்கி மூன்று கெஜம் கிழித்தால் பத்து அங்குலம் போயிற்று. உங்கள் மெத்தையின் பக்கப் பட்டிகள் இரண்டை வெட்டுகிற துணி அது. கும்பகோணத்தில் ஒரு கடையில் எனக்கே இப்படி நடந்தது. வீட்டுக்கு வந்து டேப் வைத்த பிறகுதான் தெரிந்தது. 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி மெட்ரிக் அளவில்தான் விற்க வேண்டும், அளவுகோலில் முத்திரை இருக்க வேண்டும். அதைப் பார்க்க வேண்டியது தொழிலாளர் துறை. பார்க்கிறார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். நீங்களே கோலைத் திருப்பிப் பாருங்கள்.

இனி துணி சுருங்குகிற விஷயம். சென்ற முறை துணியை நனைக்காமல் வெட்டியிருப்பீர்கள். "இது சுருங்காது அக்கா" என்ற கடைக்காரரின் வாக்கை நம்பித் தைத்தவர்கள் எத்தனை பேர்! துணியின் ஓரத்தில் பேனாவால் 20 அங்குலம் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு மறுபடி அளங்கள். 19 ஆகியிருந்தால் அந்தத் துணி நூற்றுக்கு ஐந்து சுருங்குகிற ரகம். உறையில் நடக்க வேண்டிய சுருக்கம் முன்பே நடந்துவிட்டது, அவ்வளவுதான்.

பழைய உறையை அளக்காதீர்கள், அது தொய்ந்து போயிருக்கும். ஃபோமையே அளங்கள். மேலும் கீழும் 20½ அங்குலமாக வெட்டினால், இருபுறமும் அரை அங்குலத் தையல் போக 19½ வரும். ஃபோம் அமுங்கும், உறை விறைப்பாக நிற்கும். தாராளமாக இருக்கட்டும் என்று இரண்டு அங்குலம் கூட்டுகிற பழக்கத்தால்தான் நாற்காலி உறைகளெல்லாம் சுருக்கம் விழுந்து கிடக்கின்றன. பக்கப் பட்டி 5 அங்குலம். ஜிப் வருகிற பின்பக்கத்துக்கு மட்டும் 3 அங்குலப் பட்டிகள் இரண்டு.

மூலையில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பட்டியை மூலை வரை தைத்து, ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்துங்கள். துணியை அழுத்துகிற இயந்திரப் பாதத்தைத் தூக்கி, பட்டியின் ஓரத்தில் மட்டும் தையலுக்கு ஒரு நூல் முன்பு வரை கத்தரியால் ஒரு வெட்டு. துணி விரிந்து தானாகத் திரும்பும். கடைசிப் பக்கத்தை மூடுமுன் ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள். மறந்தால் உறையை வெளிப்புறமாகத் திருப்ப வழியே இருக்காது. நைலான் ஜிப்பே போதும், 16ஆம் எண் ஊசி போடுங்கள். இயந்திரத்தை இலவசமாகக் கொடுக்கிறவர்கள் எந்தத் துணிக்கு எந்த ஊசி என்று ஒரு தாளிலாவது எழுதிக் கொடுத்தால் என்ன?

இலவம் பஞ்சு மெத்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஐப்பசி அடைமழையில் ஈரம் ஏறிப் பஞ்சு தட்டையாகக் கிடக்கும். அப்போது அளந்து தைத்தால், தையில் வெயில் பட்டு உப்பியதும் தையல் பிரியும். ஆகவே இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டு, குச்சியால் தட்டி, உப்பிய பிறகு அளங்கள். டேப்பை மெத்தையின் வயிற்றின் மேல் விளிம்பு முதல் விளிம்பு வரை படியவிட்டு அளந்து, அதோடு ஒரு அங்குலம் கூட்டுங்கள். இதற்குப் பக்கப் பட்டி வேண்டாம், இரண்டே துண்டுகள்தான். பஞ்சின் மேல் நேராக ஜிப் உறை போடவே கூடாது. நுண்ணிய இழைகள் ஜிப் பல்லில் சிக்கும், வீடெல்லாம் பறக்கும். நெருக்கமாக நெய்த கோடு போட்ட மெத்தைத் துணியில் உள்ளுறை ஒன்று தைத்து நாற்புறமும் மூடிவிடுங்கள். துவைப்பது வெளியுறையை மட்டும். ஃபோமை மட்டும் வெயிலில் போட்டுவிடாதீர்கள், மஞ்சளித்துப் பொடியாக உதிரும்.

முதலில் இலவம் பஞ்சு மெத்தையின் உறையைத் தையுங்கள். அது சரியாக வந்துவிட்டால் ஃபோம் உறைகள் இரண்டும் ஒரு பகல் வேலை.