கூப்பிட்டுக் காட்டியதை வெளியே சொன்னால் குற்றமா?

கேள்வி: தொழில்நுட்பக் கருவிகளைப் பற்றி வீடியோ போடுபவன் நான். போன் தயாரிக்கும் ஒரு நிறுவனம் தன் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க முப்பது பேரை அழைத்தது. வாசலில் எங்கள் போன் கேமராக்கள் மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வரவேற்பறையில் இருந்தவர் ஒரு டேப்லெட்டை நீட்டி, "பாதுகாப்பு விதிகள்தான், கையெழுத்துப் போடுங்கள்" என்றார். பின்னால் ஆட்கள் நின்றதால் படிக்காமலே போட்டுவிட்டேன். உள்ளே, பார்வையாளர்களுக்கென்று கட்டிய கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்தோம். அசெம்பிளி லைனுக்கு மேலே தொங்கிய பலகையில் அன்றைய இலக்கும் முடித்த எண்ணிக்கையும் சிவப்பு எழுத்தில் ஓடின. ஒரு போன் முடிந்து அடுத்தது வர எத்தனை நொடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். இடைவேளையில் ஓர் இன்ஜினியர், நூறு திரையில் எத்தனை கழிந்துபோகிறது என்பதை "நமக்குள் இருக்கட்டும்" என்று சொன்னார். இந்த மூன்றையும் வீடியோவில் சொல்லிவிட்டேன். "முழுக்க ரோபோ" என்று அவர்கள் விளம்பரப்படுத்தும் லைனின் கடைசியில் ஆட்கள் கையால் திருகு முடுக்குவதையும் சொன்னேன். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏழு நாளில் வீடியோவை நீக்க வேண்டுமாம், படிவத்தில் எழுதியுள்ள பெரிய தொகையை நஷ்டஈடாகத் தர வேண்டுமாம். என்ன செய்வது?

பதில்: முதலில், பதற்றத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். வீடியோவின் மூலக் கோப்பு, அழைப்பு வந்த மின்னஞ்சல், அன்று நீங்கள் எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு அழித்தால், நீங்கள் எதையோ மறைப்பதாக நாளைக்கு நீதிமன்றத்தில் சொல்வார்கள். நிறுவனத்துக்குப் போன் போட்டு வாதாடவும் வேண்டாம். இன்றைக்கே ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "நான் கையெழுத்திட்ட படிவத்தின் முழு நகலை அனுப்புங்கள்." டேப்லெட்டில் போட்ட கையெழுத்து என்பதால் உங்களிடம் நகல் இருக்காது. அவர்கள் எந்த ஷரத்தை வைத்துப் பேசுகிறார்கள், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்றெல்லாம் அதில்தான் இருக்கும். அதனால் இங்கே நான் சொல்வதைப் பொதுவான கோட்பாடாக எடுத்துக்கொள்ளுங்கள்.

"படிக்கவே இல்லை" என்பதை மட்டும் நம்பி இருக்க முடியாது. 1934இல் இங்கிலாந்தில் ஒரு கடைக்காரப் பெண் சிகரெட் விற்கும் இயந்திரம் வாங்கினார். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்காமல் கையெழுத்திட்டார், இயந்திரம் ஓடவில்லை, ஆனாலும் கையெழுத்து அவரைக் கட்டிப்போட்டது. லெஸ்ட்ரேஞ்ச் வழக்கு என்று சட்டம் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் உங்களுக்குக் கைகொடுப்பது அதற்கு அப்புறம், 1951இல் வந்த கர்ட்டிஸ் வழக்கு. சலவைக்குக் கொடுத்த திருமண உடைக்காக ஒரு தாளை நீட்டினார்கள். இது எதற்கு என்று அந்தப் பெண் கேட்டார். மணிகளுக்கும் ஜிகினாவுக்கும் வரும் சேதத்துக்கு மட்டும் நாங்கள் பொறுப்பில்லை என்றார் கடை ஊழியர். உண்மையில் எந்தச் சேதத்துக்கும் பொறுப்பில்லை என்று தாளில் இருந்தது. ஊழியர் தவறாகச் சொன்னதால் அந்த ஷரத்தைக் கடை பயன்படுத்த முடியாது என்று தீர்ப்பானது. உங்களிடம் "பாதுகாப்பு விதிகள்தான்" என்றவரின் வார்த்தைக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். அவர் சொன்னதைச் சொன்னபடியே இன்று இரவே எழுதி வையுங்கள். வரிசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் நின்றவர்களிடம், அவர்களுக்கும் அப்படித்தான் சொன்னார்களா என்று கேளுங்கள். இரண்டு பேர் ஆமாம் என்றாலே உங்கள் பக்கம் பலமாகிவிடும்.

அடுத்து, எது ரகசியம் என்ற கேள்வி. உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் ஒப்பந்தம் (அறிவுசார் சொத்துரிமை பற்றியது), 39ஆவது பிரிவில், மூன்று நிபந்தனை வைக்கிறது. அந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தெரியாததாக இருக்க வேண்டும். ரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்க வேண்டும். அதைக் காக்க உரிமையாளர் நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் வணிக ரகசியம். தொழிற்சாலைச் சுற்றுலாக்கள் இடறுவது பெரும்பாலும் மூன்றாவதில். அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தன் ரூஜ் கார் ஆலையைப் பொதுமக்களுக்குச் சுற்றிக்காட்டத் தொடங்கியது 1924இல். அன்றிலிருந்து இன்றுவரை இதன் நோக்கம் ஒன்றுதான்: பார்த்தவர்கள் வெளியே போய்ப் பேச வேண்டும். அழைத்து, கண்ணாடி போட்டு, விளக்கு போட்டு, விளக்கிச் சொல்ல ஆளையும் வைத்துக் காட்டியதை மறுநாள் ரகசியம் என்று சொல்வது எளிதல்ல.

இதை உங்கள் மூன்று விஷயங்களுக்கும் பொருத்திப் பார்ப்போம். மூன்றும் ஒன்றல்ல.

பலகையில் ஓடிய எண்ணிக்கை: முப்பது பேர் கண்ணெதிரே தொங்கவிட்டிருந்தார்கள். மறைக்க நினைத்திருந்தால் சுற்றுலா நேரத்தில் அந்தப் பலகையை அணைத்திருக்கலாம். நிறுவனத்தின் சொந்த விளம்பர வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். அதே லைன், அதே பலகை எதிலாவது தெரிந்தால், தேதி தெரியும்படி உடனே சேமித்து வையுங்கள். பெரும்பாலான ரகசியக்காப்புப் படிவங்களில் "ஏற்கெனவே பொதுவெளியில் உள்ளவை நீங்கலாக" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி உங்களுக்கு உதவும்.

நீங்கள் எண்ணிய நொடிகள்: எனக்கு இதில்தான் அதிக அக்கறை, ஏனென்றால் கண்ணால் பார்த்ததைக் கணக்குப் போடும் உரிமை பற்றியது இது. எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டக்கூடிய ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1969இல் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் போமான்ட் நகரில், டுபான்ட் நிறுவனம் ஒரு மெத்தனால் ஆலையைக் கட்டிக்கொண்டிருந்தது. கூரை இன்னும் போடவில்லை. யாரோ அமர்த்திய இரண்டு புகைப்படக்காரர்கள் விமானத்தில் பறந்து 16 படம் எடுத்தார்கள். பறந்தது பொது வான்வெளியில்தான். ஆனாலும் அது முறையற்ற வழி என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1970இல் சொன்னது. கட்டி முடிக்காத ஆலைக்கு மேல் கூரை போட்டுக் காக்கும்படி நிறுவனத்தைக் கேட்க முடியாது என்பது அதன் அடிப்படை. உங்கள் கதை இதற்கு நேர் எதிர். அவர்கள் நிற்கச் சொன்ன இடத்தில் நின்று, அவர்கள் காட்டியதைப் பார்த்து, கையில் கட்டியிருந்த கடிகாரத்தில் எண்ணினீர்கள். ஸ்டிக்கரைக் கிழிக்கவில்லை, கோட்டைத் தாண்டவில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லியாக வேண்டும். "பார்த்தது, கேட்டது எதையும் வெளியிட மாட்டேன்" என்று படிவத்தில் இருந்தால், வணிக ரகசியச் சட்டத்தில் அவர்கள் தோற்றாலும் ஒப்பந்த மீறல் என்று தனியாக வழக்குப் போடலாம். வரவேற்பறையில் சொன்ன வார்த்தை அங்கேதான் உங்களைக் காக்க வேண்டும்.

இன்ஜினியர் சொன்னது: இதில் நீங்கள் தவறிவிட்டீர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். 1968இல் இங்கிலாந்தில் தீர்ப்பான கோகோ வழக்கு, மொபெட் இன்ஜின் பற்றியது, இந்த விஷயத்தில் இன்றைக்கும் அளவுகோல். தகவல் ரகசியத் தன்மை உடையதா, நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்டதா, அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதா என்று பார்ப்பார்கள். "நமக்குள் இருக்கட்டும்" என்பதைவிடத் தெளிவாக நம்பிக்கையின் பேரில் ஒன்றைச் சொல்ல முடியாது. திரை எத்தனை சதவீதம் கழிகிறது என்பது போட்டி நிறுவனங்களுக்குப் பொன் போன்ற எண். படிவமே செல்லாது என்று ஆனாலும் இந்தக் கடமை தனியாக நிற்கும். அந்த இன்ஜினியரின் வேலையும் இதில் இருக்கிறது. அந்தப் பகுதியை இன்றே வெட்டிவிடுங்கள். பதில் கடிதத்தில் அவர் பெயரையோ அடையாளத்தையோ எழுதாதீர்கள், கேட்டாலும் ஒரு வக்கீல் இல்லாமல் சொல்லாதீர்கள்.

கையால் திருகு முடுக்குவதைச் சொன்னது வேறு ரகம். அதையும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தீர்கள். "முழுக்க ரோபோ" என்று ஊருக்கே சொல்லியிருப்பது அவர்கள். ஒரு விளம்பர வாசகம் நேரில் பார்த்ததோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்வது விமர்சனம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டு வணிக ரகசிய உத்தரவு, கருத்துச் சுதந்திரத்துக்காகச் செய்யப்படுவதற்கு வெளிப்படையாகவே விலக்கு அளிக்கிறது. நோட்டீஸை மறுபடி படியுங்கள், அவர்களுக்கு உண்மையில் வலிப்பது சிவப்பு எண்களா, இந்த வரியா என்று பாருங்கள். ரகசியக்காப்பு ஷரத்து நல்லதை மட்டும் பேசவைக்கும் கருவி அல்ல. அதற்குத் தனி ஷரத்து வேண்டும், படிவம் வந்ததும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். "வெளியிடும் முன் எங்களிடம் காட்ட வேண்டும்" என்ற வரி இருந்தாலும் உடனே சொல்லுங்கள். அது இருந்தால் உங்கள் நிலை கொஞ்சம் பலவீனமாகும்.

நஷ்டஈட்டுத் தொகையைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம். ஒப்பந்தத்தில் எழுதிவிட்டதாலேயே அந்தத் தொகை கிடைத்துவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 74ஆவது பிரிவின்படி எழுதிய தொகை ஓர் உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே. இங்கிலாந்தில், காக்க வேண்டிய நலனுக்குச் சற்றும் பொருந்தாத தண்டனைத் தொகை என்றால் செல்லாது.

பயணச் செலவையோ பரிசையோ அவர்கள் தந்திருந்தால், வீடியோவில் அதைச் சொல்லிவிடுங்கள். பல நாடுகளில் அது கட்டாயம். நாளை அவர்களே அதை உங்களுக்கு எதிராக எடுக்காமல் இருக்கவும் உதவும்.

பதிலை ஐந்தாம் நாளுக்குள் அனுப்புங்கள், "என் உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று தலைப்பில் எழுதி. நல்லெண்ணத்தில் ஒரு பகுதியை நீக்கியிருக்கிறேன், மீதி வீடியோவில் எந்த நொடியில் எந்த ரகசியம் இருக்கிறது என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள், படிவ நகலையும் அனுப்புங்கள் என்று கேளுங்கள். தவறு செய்தேன், மன்னியுங்கள் போன்ற சொற்கள் வேண்டாம். அவர்கள் நீதிமன்றத்தில் தடையாணை கேட்டதாகத் தெரிந்தால், அன்றைக்கே உங்கள் பகுதி வக்கீலிடம் போய்விடுங்கள். தடையாணை மனு நாள் கணக்கில் நகரும், என் அடுத்த பதில் வரும் வரை அது காத்திருக்காது.