பழைய கையடக்க ரீலோடிங் கருவிகளில் தோட்டா உறையின் கழுத்து மட்டும் ஏன் இறுக்கப்படுகிறது?

சுடப்பட்ட தோட்டாவின் பித்தளை உறைக்குப் புதிய எரிதூண்டி (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, ஈயக் குண்டு ஆகியவற்றைப் பொருத்தி மீண்டும் பயன்படுத்துவதே ரீலோடிங். அமெரிக்காவில் ஜான் பார்லோ 1884-இல் தொடங்கிய ஐடியல் நிறுவனம் இதற்கென இடுக்கி வடிவக் கைக்கருவிகளைச் செய்தது; 1925-இல் அதை லைமன் என்ற நிறுவனம் வாங்கியது. பிற்கால லைமன் 310 கைக்கருவி இந்த மரபில் வந்ததே.

சுடும்போது எழும் அழுத்தத்தால் உறை, துப்பாக்கி அறையின் சுவர் வரை விரிந்து, பின் சற்றே சுருங்குகிறது. விரிந்த உறை முழுவதையும் பழைய அளவுக்குக் கொண்டுவர, மேசையில் பூட்டிய பிரஸ்ஸின் நெம்புவிசை வேண்டும். கைக்கருவியோ பாக்குவெட்டியைப் போன்றது: இரு கைப்பிடிகளை நெருக்கும்போது கீலுக்கு அருகே விசை பெருகினாலும், அது உள்ளங்கையின் வலிமைக்கு உட்பட்டதே. ஆகவே குண்டைப் பற்றிக்கொள்ளும் கழுத்தை மட்டும் அது இறுக்குகிறது. இதைக் குறை என்று மட்டும் கொள்வது சரியன்று; அதே துப்பாக்கியின் அறைக்கு ஏற்ப உருவான உறை, அதே அறையில் நன்றாகப் பொருந்துகிறது, பித்தளையும் குறைவாகவே தேய்வுறுகிறது. வேறொரு துப்பாக்கியில் அது நுழையாமல் போகலாம் என்பதை மறக்கக் கூடாது.

கைக்கருவியில் ஒவ்வொரு வேலைக்கும் வேறு அச்சை, அதாவது அந்த வேலையைச் செய்யும் பாகத்தை, திருகி மாற்ற வேண்டியிருப்பதால், வேலை மெதுவாகவே நடக்கும்.

சுட்ட குண்டையே திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்று பலர் எண்ணுவது தவறு. மீள்வது பித்தளை உறை மட்டுமே.