செய்தியோடைக்கு எழுதுவது எப்படி? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

திருகோணமலை மாவட்டத்தில் சொந்தமாக இணையதளம் நடத்துபவர்கள் கேட்டவை இவை. செய்தியோடை என்பது தளத்தில் புதிதாக வந்தவற்றைத் தலைப்பு, உள்ளடக்கம், திகதி, இணைப்பு என்று வரிசையாகத் தாங்கி நிற்கும் ஒரு கோப்பு. வாசகரின் கைப்பேசியில் உள்ள வாசிப்பான் செயலி அதை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதியதை எடுத்துக் கொடுக்கிறது.

நிலாவெளியில் விடுதி நடத்தும் அக்கா: புறாத்தீவு, திமிங்கிலப் பருவம் பற்றியெல்லாம் எழுதுகிறேன். ஓடை வழியாக ஒருவரும் உள்ளே வருவதில்லையே?

அக்கா, உங்கள் ஓடையைத் திறந்து பார்த்தேன். கடைசி மூன்று தலைப்புகள்: ‘இனிய செய்தி’, ‘வாருங்கள்’, ‘மீண்டும் நாங்கள்’. தளத்தில் அவற்றுக்கு மேலே கடலின் பெரிய படமும் விடுதியின் பெயரும் இருப்பதால் பொருள் விளங்குகிறது. வாசிப்பானின் தலைப்புப் பட்டியலில் அந்தப் படமும் இல்லை, அலங்காரமும் இல்லை. வேறு ஐம்பது தளங்களின் தலைப்புகளுக்கு நடுவே உங்கள் ஒரு வரி தனியாக நிற்கும். ‘புறாத்தீவுக்குக் காலையில் போவது ஏன் நல்லது’ என்று எழுதியிருந்தால் சொடுக்கியிருப்பார்கள். இடப்பெயரும் விடயமும் தலைப்பின் முதற்பாதியிலேயே வரட்டும். வணக்கம், நலம் விசாரிப்பு எல்லாவற்றையும் முதற் பந்தியிலிருந்து எடுத்துவிடுங்கள். ‘இன்று’, ‘நாளை’ என்றும் எழுதாதீர்கள். மூன்று நாள் கழித்து வாசிப்பவருக்கு எந்த நாளை? திகதியைப் போடுங்கள்.

மூதூர் ஆசிரியை ஒருவர்: பாடசாலைத் தளத்தில் தமிழ் நன்றாகத் தெரிகிறது. ஓடையில் ஆங்கில எழுத்துக் குவியலாக வருகிறது.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் நாட்டில் அச்சகங்களும் பாடசாலைகளும் நெடுங்காலம் பழகிய எழுத்துரு அது. அதில் கணினி உண்மையில் சேமிப்பது ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும்தான்; எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. தளம் எழுத்துருவையும் சேர்த்து அனுப்புவதால் அங்கே தமிழ் தெரிகிறது. ஓடை எழுத்துருவைச் சுமந்து செல்வதில்லை, ஆகவே உள்ளே இருப்பது அப்படியே வெளிப்படுகிறது. தேடுபொறிக்கும் உங்கள் பாடசாலையின் பெயர் தமிழாகத் தெரியாது.

பழையவற்றை எழுத்துரு மாற்றிக் கருவி ஒன்றின் மூலம் யுனிகோடுக்கு, அதாவது தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறிமுறைக்கு, கொண்டுவாருங்கள். மாற்றிய பின் கொ, கோ, கௌ வரும் சொற்களைக் கட்டாயம் கண்ணால் சரிபாருங்கள். பாமினியில் கொம்பை முதலில் தட்டுகிறோம். யுனிகோடில் மெய்க்குப் பின்னால்தான் அது சேமிக்கப்படுகிறது. சரியில்லாத மாற்றி இங்கேதான் சறுக்கும். இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்து தமிழாகிவிடும், அவற்றையும் பாருங்கள். விரல் பழக்கத்தை விட வேண்டியதில்லை: பாமினி விசைகளிலேயே யுனிகோடு தரும் தட்டச்சுக் கருவிகள் உண்டு.

கிண்ணியா: நேற்றிலிருந்து ஓடை திறக்கவே மறுக்கிறது.

தலைப்பில் & குறி இருக்கிறதா? கையால் எழுதிய ஓடைக்கோப்பில் அதை அப்படியே விட்டால் முழுக்கோப்பும் செல்லாததாகிவிடும். ‘மற்றும்’ என்று எழுதிவிடுங்கள்.

உவர்மலை: ஓடையில் முழுக்கட்டுரையையும் கொடுப்பதா, சுருக்கமா?

முழுக்கட்டுரை. உங்கள் ஓடையைத் தேடிச் சேர்த்துக்கொண்டவர் ஏற்கனவே உங்களை விரும்புபவர். கந்தளாய் பஸ்ஸில் இருந்தபடி வாசிக்கிறவரை, தம்பலகாமம் தாண்டும்போது பாதியில் நிறுத்தி ‘மிச்சத்துக்கு உள்ளே வா’ என்பது விருந்தாளியை வாசலில் நிறுத்துவது போன்றது. தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் தானாக எடுக்கும் சுருக்கம் 55 சொற்கள். நம்மில் பலருக்கு அதற்குள் முன்னுரையே முடிவதில்லை.

திருக்கடலூர் தம்பி (மேலுள்ள பதிலுக்கு மறுப்பு): முழுதாகக் கொடுத்தால் திருடுகிறார்கள், ஐயா. என் கட்டுரை மறுநாளே இன்னொரு தளத்தில் வேறு பெயரில் வந்தது.

தம்பி, கோபம் நியாயமானது. ஆனால் திருடுபவன் உங்கள் தளத்தின் பக்கத்திலிருந்தும் எடுப்பான். சுருக்கம் தண்டிப்பது நேர்மையான வாசகரை மட்டுமே. ஓடையில் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் ‘முதலில் வெளியான இடம்’ என்று உங்கள் தளத்தின் பெயரும் இணைப்பும் தானாகச் சேரும்படி செய்யுங்கள். கட்டுரைக்குள் உள்ள இணைப்புகளையும் படங்களையும் முழு முகவரியோடு (https:// என்பதிலிருந்து தொடங்கி) போடுங்கள். பெரும்பாலான திருட்டு இயந்திரம் செய்வது. அது அந்த வரிகளையும் சேர்த்தே எடுத்துப் போகும். பாதி முகவரி போட்டால் பல வாசிப்பான்களில் படமே திறக்காது என்பதும் இருக்கிறது.

அதே தம்பி: எனக்கு விளம்பரம்தான் வருமானம். வாசிப்பானிலேயே வாசித்து முடித்தால் நான் எதைச் சாப்பிடுவது?

அது வேறு நிலைமை, ஒத்துக்கொள்கிறேன். விளம்பரத்தில் ஓடும் தளம் சுருக்கம் கொடுக்கலாம். ஆனால் இயந்திரம் வெட்டியதைக் கொடுக்காதீர்கள். மூன்று வரி, உங்கள் கையால், தன்னளவில் முழுமையாக எழுதுங்கள்: என்ன நடந்தது, எங்கே, உள்ளே கூடுதலாக என்ன இருக்கிறது. பாடசாலை, கோயில், நூலகம், சங்கம் ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை. முழுதாகத்தான் கொடுக்க வேண்டும்.

சாம்பல்தீவு: நானே எழுதிய நிரல் சுருக்கத்தை வெட்டுகிறது. கடைசியில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி வருகிறது.

நல்ல கேள்வி. பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு) கணக்கில் வெட்டுகிறீர்கள். ‘திருகோணமலை’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யுனிகோடில் 10 குறிகள். யுனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வீதம் 30 பைட். 20ஆவது பைட்டில் வெட்டினால் ஒரு குறி நடுவே பிளந்து அந்தக் கட்டம் வரும். கண்டிப்பான வாசிப்பான் முழு ஓடையையும் நிராகரிக்கும். குறிக் கணக்கில் வெட்டினாலும் ‘கோ’ தன் கொம்பையும் காலையும் இழந்து ‘க’ ஆகலாம். சொல் இடைவெளியில் மட்டும் வெட்டுங்கள்.

சம்பூர்: கூகுள் ரீடரை மூடிவிட்டார்களே, இன்னும் ஓடை எதற்கு?

அது 2013 ஜூலை 1ஆம் திகதி மூடப்பட்டது. மூடியது ஒரு வாசிப்பான், ஓடை அல்ல. நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட்டுகளும் (இணைய ஒலித் தொடர்கள்) பெரும்பாலும் ஆர்எஸ்எஸ் எனப்படும் இதே வகைச் செய்தியோடை வழியாகத்தான் பரவுகின்றன.

குச்சவெளி: பதிவுகளின் முகவரிகளைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றினேன். பழையவை எல்லாம் புதியவை போல வாசகர்களிடம் போய்விட்டன.

முகவரியை மாற்றாதீர்கள் என்று கேட்பவரிடமெல்லாம் சொல்லிவருகிறேன். ஒவ்வொரு பதிவுக்கும் ஓடையில் ஓர் அடையாளக் குறி உண்டு. பல தளங்களில் முகவரியே அந்தக் குறியாக இருக்கிறது. குறி மாறினால் வாசிப்பானுக்கு அது புதிய பதிவு. ஒரே நாளில் பத்துப் பழைய பதிவுகள் வந்து விழுந்தால் வாசகர் ஓடையை நீக்கிவிடுவார். இப்போது திருப்பி மாற்றினால் இன்னொரு முறை போய் விழும்; அப்படியே விட்டுவிட்டு, பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடுங்கள்.

தம்பலகாமம்: முழுக்கட்டுரையா, சுருக்கமா?

மேலே உவர்மலைக்குச் சொன்ன பதில்.

கந்தளாய்: எத்தனை நாளில் வாசகர் வருவார்கள்? சுருக்கம் போட்டால் விரைவாக வருவார்களா?

நாள் கணக்குச் சொல்ல முடியாது. சுருக்கம் பற்றி மூன்றாவது முறை கேட்கிறார்கள், மேலே வாசியுங்கள்.

மூதூர்: தளத்தை வைத்திருக்க மலிவான வழங்கி (சேவையகம்) எது?

என் துறை அல்ல. வழங்கி நிர்வாகம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

திருக்கடலூர், மீனவர் சங்கத் தளம்: காலநிலை எச்சரிக்கையைக் காலை ஆறு மணிக்குப் போடுகிறோம். சிலருக்கு மதியம்தான் தெரிகிறதாம்.

இது அவசரமானது, இன்றே பாருங்கள். தளத்தின் நேர வலயம் கிரீன்விச் நேரத்தில் இருக்கிறது; நீங்களோ திகதியையும் மணியையும் நம் நேரத்தில் கையால் போடுகிறீர்கள். இலங்கை நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், ஓடையில் அந்தப் பதிவு நம் நேரம் 11.30க்கு உரியதாகப் பதிவாகிறது. எதிர்கால நேரம் கொண்ட பதிவைச் சில மென்பொருள்கள் அந்த நேரம் வரும்வரை வெளியிடாது. அமைப்புப் பக்கத்தில் கொழும்பு நேர வலயத்தைத் தெரிவுசெய்யுங்கள். பிறகு ஒரு சோதனைப் பதிவு போட்டு, ஓடையில் நம் நேரம் +0530 என்றோ, ஐந்தரை மணி குறைத்த நேரம் +0000 என்றோ வருகிறதா என்று பாருங்கள். பழைய எச்சரிக்கைகளின் முகவரிகளில் மட்டும் கை வைக்காதீர்கள்.