மாஸ்டரைக் கேளுங்கள்: ஏறாத கெண்டைக்கால்

கேள்வி: வணக்கம் மாஸ்டர். வயது 24, எடை 60 கிலோ. மீன் லோடு ஏற்றி இறக்கும் வேலை. விடியற்காலையிலிருந்து நின்றபடியேதான் இருக்கிறேன். சாயங்காலம் ஜிம். மார்பு, தோள், தொடை எல்லாம் ஏறிவிட்டது; கெண்டைக்கால் மட்டும் குச்சியாகவே இருக்கிறது. அரைக்கால் சட்டை போட்டால் பசங்க ஓட்டுகிறார்கள். ஊசி போட்டால் ஏறிவிடும் என்கிறார் ஒருவர். போடலாமா?
– காசிமேடு வாசகர்

பதில்: போடாதே தம்பி. அது ஸ்டீராய்டு ஊசி; அதற்குக் கெண்டைக்கால் எது, இதயம் எது என்று தெரியாது. விரையையும் சுருக்கிவிடும். அந்தப் பேச்சு அதோடு போகட்டும்.

நாள் பூரா நிற்கிற கால் ஏன் வளரவில்லை என்பதுதான் உன் சந்தேகம். நிற்பதும் நடப்பதும் அந்தக் காலுக்குப் பழகிப்போன பாரம். அதற்காக அது புதிதாகச் சதை போடாது. இன்னொன்று, குதிகாலுக்கு மேலே கயிறு போலத் தெரிகிறதே, அந்தத் தசைநாண் ஒரு ஸ்பிரிங். ராயபுரம் பக்கம் பாக்ஸிங் பசங்களைப் பார். தினமும் ஸ்கிப்பிங் போடுகிறார்கள், பாதிப் பேருக்குக் கால் ஒல்லிதான். குட்டிக் குட்டியாய்க் குதிக்கும்போது பாதி வேலையை ஸ்பிரிங்கே பார்த்துவிடுகிறது.

ஜிம்மில் நீ செய்வதும் அதேதான் என்று பார்க்காமலே சொல்வேன். எல்லாம் முடிந்து, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, முப்பது தடவை டங்கு டங்கென்று எம்பிவிட்டுக் கிளம்பியிருப்பாய். சரியா?

இனி முதல் ஐட்டமே கெண்டைக்கால். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வை. ஒரு கை சுவரில், ஒரு கையில் டம்பெல், ஒற்றைக் கால். முட்டி மடங்கக் கூடாது. மடங்கினால் மேலே இருக்கிற பெரிய சதை தளர்ந்துபோய், வேலை அடிச்சதைக்குப் போய்விடும். குதிகாலைப் படிக்குக் கீழே, நன்றாக இழுக்கிற வரை மெதுவாக இறக்கு. அங்கேயே இரண்டு விநாடி நில். ஸ்பிரிங்கின் வேகம் அடங்குவது அந்த இரண்டு விநாடியில்தான். அப்புறம் உச்சி வரை ஏறு. பன்னிரண்டோ பதினைந்தோ வரும்போது இனி முடியாது என்று கால் நடுங்க வேண்டும். முழுசாக ஏற முடியாமல் போனால் விட்டுவிடாதே, கீழ்ப்பாதியில் மட்டும் நாலைந்து போடு. கெண்டைக்காலுக்கு அந்தக் கீழ்ப்பாதிதான் சோறு.

இப்படி ஒரு சுற்று முடித்தால் ஒரு செட். காலுக்கு நான்கு செட், வாரம் மூன்று நாள். முதல் வாரம் இரண்டு செட் போதும், இல்லாவிட்டால் மறுநாள் பெட்டி தூக்க முடியாது. பதினைந்து சுலபமாக வந்தால் இன்னும் கனமான டம்பெல்லுக்கு மாறு.

சாப்பாடு: உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கில் உனக்குத் தினமும் 96 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம், ஒரு முட்டையில் 6. மீனுக்கு நடுவிலேயே வேலை பார்த்துக்கொண்டு புரோட்டீன் டப்பாவுக்குக் காசைக் கரைக்காதே.

ஒன்று மட்டும் யார் கையிலும் இல்லை. சதை எங்கே முடிந்து நாண் எங்கே தொடங்குகிறது என்பது பிறவியிலேயே முடிவானது. சிலருக்குச் சதை மேலேயே நின்றுவிடும். அவர்களுக்கும் பருமன் கூடும், கீழே இறங்காது. மாதம் ஒருமுறை டேப் வைத்து அள, கண்ணாடியை நம்பாதே. அர்னால்டுக்கே ஒரு காலத்தில் கெண்டைக்கால்தான் குறை. அதை மறைக்காமல், பேன்ட்டின் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு எல்லாரும் பார்க்கப் பயிற்சி செய்தார். நீயும் அரைக்கால் சட்டையிலேயே வா, பசங்க ஓட்டட்டும்.

கேள்வி: வலது கையைவிட இடது கை சின்னதாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: கொஞ்சம் வித்தியாசம் எல்லாருக்கும் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்துத் தூக்கும் பார்பெல்லை விட்டுவிட்டு, டம்பெல் எடுங்கள். இடது கையில் தொடங்குங்கள். அது எத்தனை போடுகிறதோ வலதுக்கும் அத்தனைதான், ஒன்றுகூட அதிகம் வேண்டாம். கை திடீரென்று இளைத்திருந்தாலோ, மரத்துப்போனாலோ ஜிம்முக்கு வராதீர்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள்.