இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலையா?

கேள்வி: நாங்கள் ஹூஸ்டன் பக்கம் குடியிருக்கிறோம். எனக்கு 67 வயது, மனைவிக்கு 64. போன வருடம் ஓய்வு பெற்றேன். பிள்ளைகள் தனித்தனியே குடித்தனம் போய்விட்டார்கள். வண்டியில் நாடு சுற்ற வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. 31 அடி நீளத்தில் புதிய கிளாஸ் சி ஆர்.வி. (டிரைவர் சீட்டுக்கு மேலேயும் படுக்கை உள்ள வீட்டு வண்டி) ஒன்று பார்த்தோம். விலை 90,000 டாலர். 20 வருடக் கடன், 8 சதவீத வட்டி, மாதத் தவணை 753 டாலர். இந்த வார இறுதிக்குள் முடித்தால்தான் இந்த விலை என்கிறார் டீலர். பிடிக்காவிட்டால் மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: ஐயா, முதலில் அந்த மூன்று நாள் கதையை முடித்துவிடுவோம். அப்படி ஒரு உரிமை உங்களுக்குக் கிடையாது. எஃப்.டி.சி.யின் (மத்திய வர்த்தக ஆணையம்) 'கூலிங் ஆஃப்' விதி, வீட்டு வாசலுக்கு வந்தோ ஹோட்டல் அறை பிடித்தோ விற்பவர்களுக்கானது. டீலரின் சொந்த இடத்தில் வாங்கும் வண்டிக்கு அது பொருந்தாது. ஆர்.வி. கண்காட்சியில் வாங்கினாலும், அந்த டீலருக்கு வேறெங்காவது நிரந்தரக் கடை இருந்தால் பொருந்தாது. கையெழுத்துப் போட்ட நிமிடமே வண்டியும் கடனும் உங்கள் தலையில்.

அடுத்து அந்த 753 டாலர். இருபது வருடம் கட்டினால் மொத்தம் 1,80,000 டாலரைத் தாண்டுகிறது. வட்டி மட்டுமே வண்டி விலை அளவுக்கு. கடைசித் தவணை கட்டும்போது உங்களுக்கு 87 வயது. அதைவிட முக்கியமானது இது: ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் சுமார் 78,800 டாலர் கடன் பாக்கி நிற்கும். புது ஆர்.வி. முதல் வருடத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு விலை இழக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களே சொல்லும் கணக்கு. முழங்கால் ஒத்துழைக்காமல் மூன்றாம் வருடமே விற்க நினைத்தால், வண்டியையும் கொடுத்து, கையிலிருந்தும் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

ஆசையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். முதல் பயணத்துக்கு வாடகைக்கு எடுங்கள். இரண்டு மூன்று வாரம், உண்மையான நீண்ட பயணமாக இருக்கட்டும்.

2019 கோடையில் நானும் மனைவியும் 25 அடி கிளாஸ் சி ஒன்றை வாடகைக்கு எடுத்து யெல்லோஸ்டோன் போய் வந்தோம். 16 இரவு. எந்த டீலரும் சொல்லாத விஷயங்களை அந்த வண்டியே சொல்லிக்கொடுத்தது. கட்டில் மூலையில், இரண்டு பக்கம் சுவரோடு ஒட்டி இருந்தது. உள்பக்கம் படுப்பவர் பாத்ரூம் போக வேண்டுமென்றால் வெளிப்பக்கம் படுத்தவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். ராத்திரியில் இரண்டு முறை எழுந்திருக்கும் வயதில் அது சின்ன விஷயம் இல்லை. மூன்றாம் நாளே என் மனைவி தீர்மானித்துவிட்டாள்: வாங்கினால், கட்டிலின் இரண்டு பக்கமும் நடக்க இடம் இருக்கும் வண்டிதான். ஷோரூமில் பளபளக்கும் கிச்சனைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் இது தோன்றியிருக்காது.

கரண்ட்டும் அப்படித்தான். 30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட். ஏ.சி. ஓடும்போது இண்டக்‌ஷன் அடுப்பில் குக்கரை வைத்து, சாம்பாரைச் சூடாக்க மைக்ரோவேவையும் தட்டினால் பிரேக்கர் விழுந்துவிடும். நம் சமையலை அங்கேயும் தொடர நினைப்பவர்கள் 50 ஆம்ப் வண்டியா என்று கேட்டு வையுங்கள்.

வாடகையிலும் கவனம் தேவை. நாள் வாடகையோடு மைலுக்கு இத்தனை சென்ட், ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு இத்தனை டாலர் என்று தனித்தனியே ஏறும். உங்கள் கார் இன்ஷூரன்ஸ் வாடகை ஆர்.வி.க்குச் செல்லுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார் பாதுகாப்பு பெரும்பாலும் ஆர்.வி.யை விலக்கிவிடும். பெட்ரோலுக்குத் தோராயக் கணக்கு: ஹூஸ்டனிலிருந்து யெல்லோஸ்டோன் போய்வர, அங்கே சுற்றியதும் சேர்த்து 3,600 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேலனுக்கு 9 மைல் கொடுத்தால் 400 கேலன்.

31 அடி என்றீர்களே, அதையும் யோசியுங்கள். தேசியப் பூங்காக்களில் பல கேம்ப்கிரவுண்டுகள் இவ்வளவு பெரிய வண்டிகள் வராத காலத்தில் போட்டவை. கிளேசியர் பூங்காவின் புகழ்பெற்ற கோயிங்-டு-த-சன் சாலையில் அவலாஞ்ச் கிரீக்குக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையே 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. அந்த மலைப்பாதையைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் போகிறோம்! நுழைவுக் கட்டணத்துக்கு, 62 வயது நிறைந்த குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் ஆயுள் முழுக்கச் செல்லும் சீனியர் பாஸ் 80 டாலர்தான். வண்டியில் உங்களோடு வருபவர்களுக்கும் அதுவே போதும். பல அரசு கேம்ப்கிரவுண்டுகளில் பாதிக் கட்டணம். பூங்கா வாசலிலேயே அடையாள அட்டையைக் காட்டி வாங்குங்கள், இடைத்தரகு வெப்சைட் எதுவும் வேண்டாம்.

வாடகைப் பயணத்துக்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், மூன்று நான்கு வருடம் ஓடிய வண்டியாகப் பாருங்கள். விலை இறக்கத்தின் பெரும்பகுதியை முதல் சொந்தக்காரர் சுமந்திருப்பார். ஆனால் தண்ணீர் கசிவைத் தேடாமல் வாங்காதீர்கள். நாங்கள் ஒருமுறை பார்த்த வண்டி வெளியே புத்தம் புதிது போல இருந்தது. டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் படுக்கையில் ஏறி, ஜன்னல் மூலையில் கட்டைவிரலால் அழுத்தினேன். வால்பேப்பருக்குப் பின்னால் இருந்த பிளைவுட், டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது. மெத்தையைத் தூக்கினால் பூஞ்சை வாடை. விற்பவர் 'குளிர்காலத்து ஈரம்' என்றார். கிளாஸ் சி வண்டிகள் முதலில் ஒழுகும் இடமே அதுதான். கூரை ஓரம், ஸ்லைடு-அவுட் (வெளியே நீளும் அறைப் பகுதி) மூலைகள், ஷவருக்கு வெளியே தரை, எல்லாவற்றையும் அழுத்திப் பாருங்கள்; வெளிச்சுவரில் கொப்புளம் போல உப்பியிருந்தால் உள்ளே நீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3218 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டு 32ஆவது வாரம் செய்தது. ஆர்.வி. டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிக் கெடும். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. இத்தனையும் பார்த்த பிறகு, டீலர் சிபாரிசு செய்யாத ஒரு தனி இன்ஸ்பெக்டருக்குப் பணம் கொடுத்து முழுப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

புதிதுதான் வேண்டும் என்றால் வாரண்டியைத் தனித்தனியே படியுங்கள். சேஸிஸ் ஒரு கம்பெனி, மேலே கட்டிய வீடு இன்னொரு கம்பெனி, ஃபிரிட்ஜும் ஏ.சி.யும் வேறு கம்பெனிகள். ஒன்று கெட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதே வேலையாகிவிடும். டெக்சாஸ் லெமன் லா (குறையுள்ள புது வண்டி வாங்கியவரைக் காக்கும் சட்டம்) மோட்டார் ஹோமுக்கும் இழுவை ஆர்.வி.க்கும் உண்டு, பல மாநிலங்களில் வண்டியின் குடியிருக்கும் பகுதி அதில் வராது. தண்ணீர், கேஸ், ஃபிரிட்ஜ், ஸ்லைடு, கழிவுத் தொட்டி எல்லாம் உங்கள் கண் முன்னே வேலை செய்த பிறகுதான் மீதிப் பணம். வண்டியை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதற்கும் பதில் வேண்டும். உங்கள் ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) வாசலில் விடுமா? விடாவிட்டால் ஸ்டோரேஜ் வாடகையும் மாதக் கணக்கில் சேரும்.

இந்த வார இறுதியில் போகும் விலை அடுத்த மாதமும் வரும். குளிர்காலத்தில் இன்னும் இறங்கி வரக்கூடும்.

கேள்வி: மொன்டானாவில் ஒரு எல்.எல்.சி. கம்பெனி தொடங்கி அதன் பேரில் ஆர்.வி. வாங்கினால் விற்பனை வரியே இல்லை என்கிறார்களே?

பதில்: மொன்டானாவில் விற்பனை வரி இல்லை என்பது உண்மை. ஆனால் டெக்சாஸில் குடியிருந்து, டெக்சாஸில் ஓட்டி, டெக்சாஸில் நிறுத்தும் வண்டிக்கு 6.25 சதவீதம் கட்ட வேண்டியவர் நீங்கள். 90,000 டாலருக்கு அது 5,625 டாலர். அதை மிச்சம் பிடிக்கப் போய், பிடிபட்டால் வரியோடு அபராதமும் கட்டுவீர்கள்; விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி 'வண்டி எங்கே இருந்தது' என்று கேட்கும். வேண்டாம்.

கேள்வி: டிசம்பரில் எங்கள் 40ஆவது திருமண நாளுக்கு ஒரு தீவுக்குப் போக விரும்புகிறோம். ஹவாயா, பஹாமாஸா என்று முடிவாகவில்லை. கணவருக்குச் சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: அம்மா, வாழ்த்துகள். உடல்நிலையைக் குறிப்பிட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஒரிஜினல் மெடிக்கேர் (65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஹவாயில் செல்லும், அதுவும் அமெரிக்க மாநிலம்தானே. பஹாமாஸ், கான்கூன் போன்ற இடங்களில் அரிதான விதிவிலக்குகள் தவிரச் செல்லாது. தனியாகப் பயண மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். கணவரிடம் இருப்பது மெடிக்கேர் அட்வான்டேஜ் ஹெச்.எம்.ஓ. (தனியார் கம்பெனி, தன் நெட்வொர்க் டாக்டர்களைக் கொண்டு நடத்தும் திட்டம்) என்றால், ஹவாயில் அவசரச் சிகிச்சை கிடைக்கும், சாதாரண டாக்டர் விசிட் நெட்வொர்க்குக்கு வெளியே போய்விடும். மாதக்கணக்கில் ஆர்.வி.யில் சுற்றப் போகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். உங்களுக்கு இன்னும் 65 ஆகவில்லை என்றால் உங்கள் பாலிசியைத் தனியே பாருங்கள். மார்க்கெட்பிளேஸில் (ஒபாமாகேர்) வாங்கும் திட்டங்கள் பல சொந்த மாநிலத்தோடு நின்றுவிடும்.

ஹவாய் என்று முடிவானால், ஹோட்டல் விலையில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2025 மே 12 முதல் எஃப்.டி.சி. விதிப்படி, கட்டாயமாக வாங்கும் ரிசார்ட் ஃபீயை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும். முன்பு போலக் கடைசிப் பக்கத்தில் ஒரு இரவுக்கு 50 டாலர் முளைக்கக் கூடாது. வரி மட்டும் தனியாக வரலாம், ஹவாயில் எல்லா வரியும் சேர்ந்து 18 சதவீதத்துக்கு மேல் போகும். பார்க்கிங் கட்டாயம் இல்லாத செலவு என்பதால் அந்த விலையில் இருக்காது. ஹொனலுலுவின் வைகீகீ கடற்கரைப் பகுதியில் அது கையைக் கடிக்கும். முன்பதிவுக்கு முன் போன் செய்து கேளுங்கள்.

வீடு வாடகைக்கு எடுப்பதானால் விளம்பரத்தில் டி.ஏ.டி. என்னும் தங்குமிட வரி எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போடுவது அங்கே சட்டப்படி கட்டாயம். எண் இல்லாமல், ஸெல் (Zelle) வழியாகப் பணம் அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். சன்ஸ்கிரீன் அங்கே போய் வாங்கலாம் என்றிருந்தால், ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்தவற்றை 2021 முதல் ஹவாயில் விற்கத் தடை. ஊரிலிருந்து கொண்டு போவதானாலும் பவளப்பாறையைக் கெடுக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

ஹவாய்த் தீவுகளில் எது என்று கேட்டால் நான் கவாய் (Kauai) என்பேன். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949இல் தீட்சை பெற்ற சிவாய சுப்ரமுனியசுவாமி தொடங்கிய சைவ மடம் அங்கே இருக்கிறது. பெங்களூர் பக்கம் கையால் உளிகொண்டு செதுக்கிய கருங்கற்களைக் கப்பலில் கொண்டுவந்து எழுப்பிய இறைவன் கோயிலுக்கு 2023 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. பசிபிக் நடுவே, பச்சை மலைக்குக் கீழே, சோழர் பாணியில் ஒரு கற்கோயில். திருமண நாளன்று நிற்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. தரிசன நேரம் காலைதான், முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: (இது மாவி தீவிலிருந்து ஒரு வாசகி அனுப்பியது. அவருக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே தருகிறேன்.) ஸ்நார்க்கலிங் டிக்கெட் இலவசம் என்று கூப்பிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் என்றது நாலு மணி நேரம் இழுத்தது. இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை என்றார்கள். 24,000 டாலர் டைம்ஷேருக்கு (ரிசார்ட்டில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் உரிமை) கையெழுத்துப் போட்டு, கார்டில் முன்பணமும் கட்டிவிட்டோம். நாலு நாள் ஆகிறது. இருவருக்கும் தூக்கமே இல்லை. ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது அம்மா, ஆனால் இன்றே செய்ய வேண்டும். ஆர்.வி.க்கு இல்லாத உரிமை டைம்ஷேருக்கு உண்டு. ஹவாய் சட்டப்படி ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து, அல்லது விவரப் பத்திரம் உங்கள் கைக்கு வந்ததிலிருந்து, எது பிந்தியதோ அதிலிருந்து 7 நாட்களுக்குள் ரத்து செய்யலாம். சனி ஞாயிறும் அந்தக் கணக்கில் சேரும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தக் கட்டிலேயே ரத்து செய்யும் முறையும் முகவரியும் இருக்கும். பெரும்பாலும் நடுவில் எங்காவது, சின்ன எழுத்தில்.

போனில் சொன்னால் போதாது. பெயர்கள், ஒப்பந்த எண், தேதி, 'இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம், கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும்' என்று ஒரே வரி, இருவர் கையெழுத்தும். போட்டோ எடுத்துவிட்டு, தபால் நிலையத்தில் சர்ட்டிஃபைடு மெயிலில், ரிட்டர்ன் ரிசீட் கேட்டு அனுப்புங்கள். முத்திரை குத்திய ரசீதைப் பாஸ்போர்ட் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்து தருகிறோம் என்று முன்பணம் கேட்கும் எந்தக் கம்பெனியையும் அண்ட விடாதீர்கள்.

ஏழு நாள் தாண்டியிருந்தால் வருடாவருடம் ஏறும் பராமரிப்புக் கட்டணம் தொடர்ந்திருக்கும். விற்கப் போனால் ஒரு டாலருக்குக்கூட வாங்க ஆள் கிடைக்காத டைம்ஷேர்கள் ஏராளம்.

இந்த அம்மா அன்று மதியமே தபால் நிலையம் போய்விட்டார். மறுநாள் விற்பனை மேலாளர் போன் செய்து, விலையைப் பாதியாகக் குறைக்கிறேன், ஒரு தடவை வந்து பேசுங்கள் என்றாராம். 'கடிதம் போட்டாச்சு' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மூன்றாவது வாரம் முன்பணம் முழுவதும் கார்டில் திரும்பி வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்.