மேஜிக் த கேதரிங்: கை கடிக்காத விலையில் போட்டி டெக் (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, மேஜிக் கார்டு ஆட்டம் கத்துக்கிட்டேன், கடையில் நடக்கிற போட்டிக்குப் போகணும். மாடர்ன்ங்கிற போட்டி வகைக்கான டெக் (ஆடுற கார்டுக் கட்டு) விலையைப் பார்த்தாலே தலை சுத்துது.

பதில்: டெக்கைத் தேடுவதற்கு முன்னால் எந்த ஃபார்மட் (எந்தக் கார்டுகள் செல்லும் என்கிற போட்டி வகை) என்று முடிவு பண்ணுங்க தம்பி. உங்கள் கடையில் பாப்பர் என்கிற ஃபார்மட் நடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஒரு தடவையாவது காமனாக (எளிதில் கிடைக்கும் சாதாரணத் தரத்தில்) வெளியான கார்டுகள் மட்டும்தான் அதில் செல்லும், அதனால் நல்ல டெக்கே பெரும்பாலும் 100 டாலருக்குள் முடிந்துவிடும். விலை குறைவு என்பதற்காக லேசாக எடைபோடாதீர்கள். லைட்னிங் போல்ட், கவுன்டர்ஸ்பெல், பிரெய்ன்ஸ்டார்ம் எல்லாமே காமன்தான்.

கேள்வி: முதல் டெக்காக எதைக் கட்டலாம்?

பதில்: சிவப்பு பர்ன் (எதிராளியை நேரடியாக அடிக்கும் ஸ்பெல் கார்டுகளால் ஆன டெக்), கண்ணை மூடிக்கொண்டு. ஒரே நிறம் என்பதால் லேண்டுக்கு (ஸ்பெல் போடத் தேவையான மானா என்கிற சக்தியைத் தரும் கார்டு) செலவே இல்லை, சாதாரண மவுன்டன் (சிவப்பு லேண்ட்) போதும். எதிராளியின் உயிர் 20, உங்கள் ஸ்பெல்களில் பாதிக்கு மேல் ஒரு மானாவுக்கு 3 அடி. எனக்கு இதில் மிகவும் பிடித்தது தெர்மோ ஆல்கெமிஸ்ட். டேப் செய்தால் (கார்டைப் பக்கவாட்டில் திருப்பினால்) 1 அடி, இன்ஸ்டன்ட்டோ சார்சரியோ (இரண்டும் ஸ்பெல் வகைகள்) போட்டதும் தானாக அன்டேப் ஆகிவிடும், அதாவது நிமிர்ந்துவிடும். முதல் டர்னில் லாவா ஸ்பைக், இரண்டாவதில் ஆல்கெமிஸ்ட், மூன்றாவதில் ஆல்கெமிஸ்ட்டை டேப் செய்துவிட்டு ஒவ்வொன்றாக மூன்று லைட்னிங் போல்ட், ஒவ்வொன்றுக்கும் பின்னால் மறுபடி டேப், கடைசியில் இரண்டு மவுன்டனைப் பலி கொடுத்து ஃபயர்பிளாஸ்ட், அப்புறம் இன்னொரு டேப்: ஸ்பைக் 3, போல்ட்டும் அதுவரையிலான டேப்பும் 13, ஃபயர்பிளாஸ்ட் 4, கடைசி டேப் 1, மொத்தம் 21. இப்படி ஒரு கை அபூர்வமாகத்தான் வரும், ஆனால் டெக் எதை நோக்கி ஓடுகிறது என்பது இதில் தெரியும்.

கேள்வி: ஒவ்வொரு கார்டிலும் நான்கு காப்பிக்குக் காசு இல்லை. எல்லாவற்றிலும் இரண்டிரண்டு வாங்கினால்?

பதில்: வேண்டாம். 60 கார்டில் நான்கு இருந்தால் தொடக்கக் கையில் ஒன்றாவது வர சுமார் 40 சதவீதம் வாய்ப்பு, இரண்டு என்றால் 22தான். விலை கூடிய கார்டை விட்டுவிட்டு, அதே வேலை செய்கிற மலிவான கார்டை நான்காக வாங்குங்கள். எந்தப் பதிப்பாக இருந்தாலும் பரவாயில்லை, பழைய பார்டர் அழகுக்குத்தான்.

கேள்வி: சைட்போர்டை (ஆட்டங்களுக்கு நடுவே டெக்கில் மாத்திக்கிற கார்டுகள்) அப்புறம் பார்த்துக்கலாமா?

பதில்: கூடாது. முதல் ஆட்டம் முடிந்ததும் அந்த 15 கார்டுதான் கைகொடுக்கும். நீல டெக்குகளுக்கு எதிராக பைரோபிளாஸ்ட், அது விலை என்றால் ரெட் எலிமென்டல் பிளாஸ்ட், வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆர்ட்டிஃபாக்ட் (கருவி வகைக் கார்டு) நிறைந்த அஃபினிட்டி டெக்குக்கு ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ்: ஆர்ட்டிஃபாக்ட்டும் உடையும், 3 அடியும் விழும். கிரேவ்யார்டை (பயன்படுத்திய கார்டுகள் சேரும் குவியல்) நம்பும் டெக்குகளுக்கு ரெலிக் ஆஃப் புரோஜெனிட்டஸ்.

கேள்வி: வாங்கிய பிறகு தடை செய்துவிட்டால் காசு போச்சே?

பதில்: பயம் நியாயம்தான். 2025 மார்ச்சில் குல்டோதா ரீபர்த் என்கிற கார்டை பாப்பரில் தடை செய்தபோது சிவப்பு டெக் கட்டியவர்களுக்கு நான்கு கார்டு வீணானது, போல்ட் அப்படியே செல்லுபடியானது. அதனால் போல்ட் மாதிரி எந்த சிவப்பு டெக்குக்கும் ஒத்துப்போகிறவற்றை முதலில் வாங்குங்கள், புதிதாகச் சூடுபிடித்த கார்டைக் கடைசியில்.

கேள்வி: ஆன்லைனில் போல்ட் பாதி விலைக்குக் கிடைக்குது. போலியா?

பதில்: நகைக்கடை லென்ஸ் ஒன்றை எடுத்து, கார்டின் பின்பக்கம் இருக்கிற பச்சை வட்டத்துக்குள் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் நான்கு 'ட' மாதிரி வளைந்து நிற்கும். புள்ளி இல்லை, அல்லது கலங்கலாகத் தெரிகிறது என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள், அங்கீகரித்த போட்டியில் அதை ஆட விடமாட்டார்கள்.